நடுவர் கல்யாணராமனும் பிரிட்டிஷ் ஓட்டும்

கிட்வாய் நகர் முத்தமிழ் அரங்கத்தின் செயற்குழு, சண்டையே வராத ஒரு தலைப்பில் பட்டிமன்றம் நடத்துவது என்று தீர்மானித்தபோது, காரியதரிசி கல்யாணராமன் எல்லோருக்கும் முந்திக் கையைத் தூக்கினார். பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். முந்தின வருஷம் வேடிக்கைக்காக 'சாம்பாரா, மோர்க்குழம்பா' என்று ஒன்று வைத்தார்கள். அன்று பேச்சை நிறுத்திய தஞ்சாவூர்க்காரர்களும் பாலக்காட்டுக்காரர்களும் இன்னும் ஒருவர் வீட்டுக் கொலுவுக்கு ஒருவர் போவதில்லை. அதற்கு முன்னால் ஹிந்தி படிப்பதைப் பற்றி வைத்ததில் இரண்டு நாற்காலிகள் உடைந்தன. அரங்கத்தின் சொந்த நாற்காலியாக இருந்தாலாவது பரவாயில்லை. டெண்ட் ஹவுஸ்காரனுடைய வாடகை நாற்காலி.

"அப்ப ஒண்ணு பண்ணலாமுங்க," என்றார் பொருளாளர் பச்சைமுத்து. சேலத்துக்காரர். மத்திய பொதுப்பணித் துறையில் ஜூனியர் என்ஜினீயர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்களில் ஒழுகும் கூரைகளுக்கெல்லாம் அதிகாரபூர்வமான சொந்தக்காரர். "தினம் பேப்பர்ல வருதுங்களே, இங்கிலாந்துக்காரன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில இருக்கறதா, விட்டு வெளிய போறதான்னு ஓட்டுப் போடப் போறான்னு. அதையே வெச்சிரலாம். நமக்கு அங்க மாமனுமில்லை, மச்சானுமில்லை. அவன் உள்ள இருந்தா என்ன, வெளிய போனா என்ன?"

செயற்குழு அசந்துபோயிற்று. இவ்வளவு சம்பந்தமில்லாத ஒரு தலைப்பு அரங்கத்தின் சரித்திரத்திலேயே கிடைத்ததில்லை. பிரிட்டன் அந்தச் சந்தையில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அங்கே ஆளும் கட்சியே இரண்டாகப் பிளந்து, மந்திரிகளே எதிரெதிராக மேடையேறி, கடைசியில் ஜனங்களையே கேட்டுவிடலாம் என்று ஜூன் முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்திருந்தார்கள். நடந்துகொண்டிருந்தது எழுபத்தைந்தாம் வருஷத்து மே மாதம். தில்லியில் அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் யாரோடும் சண்டை போடத் தெம்பு இருக்காது என்று கல்யாணராமன் நம்பினார்.

அவர் கணக்கில் விட்டுப்போனது ஒன்று. அரங்கத்தின் உறுப்பினர்கள் அத்தனை பேரும் மத்திய அரசு ஊழியர்கள். இந்திய அரசாங்கத்தைப் பற்றி மேடையில் வாயைத் திறந்தால் நடத்தை விதிகளின்படி விளக்கம் கேட்பார்கள். பிரிட்டிஷ் அரசாங்கத்தைத் திட்டக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. ரேஷனில் சர்க்கரை கிடைக்காத கோபம், ரயில்வே வேலைநிறுத்தத்தில் உத்தியோகம் போன மைத்துனனுக்கான கோபம், பஞ்சப்படி தள்ளிப்போன கோபம், இத்தனையையும் இறக்கிவைக்க ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஓர் இடம் கிடைத்ததும் கிட்வாய் நகர் பொங்கி எழுந்தது. ஒரே வாரத்தில், பேச விரும்புவோரின் கூட்டம் காரியதரிசி வீட்டு வாசலில் நின்றது. பொதுச் சந்தையின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் எந்தத் தேசத்தில் இருக்கிறது என்று கூட்டத்திலேயே ஒருவர் இன்னொருவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, காமன் மார்க்கெட்னா நம்ம ஐ.என்.ஏ. மார்க்கெட் மாதிரியா?" என்று கேட்டாள் கல்யாணராமனின் மனைவி அனந்தலக்ஷ்மி, வந்தவர்களுக்கெல்லாம் மோர் கரைத்துக் கொடுத்து அலுத்துப்போய்.

"அதைவிடப் பெரிசு. ஒன்பது தேசம்."

"ஒன்பது தேசத்துக்கும் சேத்து நான்தான் மோர் கரைக்கணுமாக்கும்."

வழக்கமாக நடுவராக உட்காரும் தமிழ்ப் பேராசிரியர் கோடை விடுமுறைக்கு மெட்ராஸ் போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். 'யாருக்கும் வேண்டாதவர் இல்லை' என்ற ஒரே தகுதியில் நடுவர் பதவி கல்யாணராமன் தலையில் விழுந்தது. உண்மையில் அது அவருக்குப் பொருத்தமான பதவிதான். இருபத்துநான்கு வருஷ சர்வீஸில் அவர் எந்தக் கோப்பிலும் ஓர் அபிப்பிராயம் எழுதியதில்லை. இந்தப் பக்கம் இப்படி, அந்தப் பக்கம் அப்படி, மேலிடத்தின் உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது என்று முடித்துவிடுவார். அசிஸ்டெண்டாகவே இருந்து, செக்ஷன் ஆபீசர் ஆவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

இடி இரண்டு பக்கத்திலிருந்தும் விழுந்தது. 'வெளியேற வேண்டும்' என்ற கட்சிக்குத் தலைமை தாங்கிப் பேசப்போவதாக அவருடைய அண்டர் செக்ரட்டரி கஸ்தூரிரங்கனே அறிவித்துவிட்டார். பதவி உயர்வுக்கு ஆதாரமான ரகசிய அறிக்கையை, கல்யாணராமனின் சி.ஆரை, வருஷா வருஷம் எழுதுகிற கை அது. கஸ்தூரிரங்கன் ஒருமுறை ஆறு வாரப் பயிற்சிக்காக லண்டன் போய் வந்தவர். ஏழு வருஷம் ஆகியும் அவர் இன்னும் திரும்பி வந்து சேரவில்லை என்று ஆபீசில் சொல்வார்கள். ஜூன் மாதத்திலும் டை கட்டுவார்.

இந்தச் செய்தி கோல் மார்க்கெட்டுக்குப் போயிற்று. அங்கே ரயில்வே கணக்குத் துறையில் இருந்த தட்சிணாமூர்த்தி, 'லண்டன்ல இருந்தப்போ' என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற பிரகிருதி. "அந்த மனுஷன் வெளியே போகணும்னு பேசறாரா? அப்போ பிரிட்டன் உள்ளேதான் இருக்கணும்," என்று அந்த நிமிஷமே கொள்கை முடிவு எடுத்துவிட்டார். இந்தத் தட்சிணாமூர்த்தியின் மகன் பாலசுப்ரமணியத்துக்குத்தான் கல்யாணராமனின் மகள் வசுமதியைக் கொடுப்பதாக ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, நிச்சயதார்த்தம் ஒன்றுதான் பாக்கியாக இருந்தது.

ஒரு பக்கம் பதவி உயர்வு, ஒரு பக்கம் மகள் கல்யாணம், நடுவில் பிரிட்டன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பள்ளிக்கூட ஹாலில் உட்கார இடமில்லை. கூலர் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. காற்று முதல் வரிசைக்கு மட்டும் போயிற்று. கஸ்தூரிரங்கன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"சூரியன் மறையாத சாம்ராஜ்யமாக இருந்த ஒரு தேசம்! நான் லண்டனில் இருந்தபோது அந்தப் பார்லிமெண்ட் கட்டடத்தைக் கண்ணாரக் கண்டவன். அப்படிப்பட்ட பார்லிமெண்ட் இன்றைக்கு வெண்ணெய்க்கு என்ன விலை வைப்பது என்று பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண குமாஸ்தாவைக் கேட்க வேண்டியிருக்கிறது!"

ஹாலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சாதாரண குமாஸ்தாக்கள். முன்பின் பார்த்திராத அந்தப் பிரஸ்ஸல்ஸ்காரன்மேல் அவர்களுக்கு அந்தக் கணமே ஒரு சகோதர பாசம் பிறந்தது. பின் வரிசையில் யாரோ, "கேட்டா என்ன குறைஞ்சுடும்?" என்றார்கள். கஸ்தூரிரங்கன் அதைக் காதில் வாங்காமல், இறையாண்மை, கௌரவம், நியூஸிலாந்து வெண்ணெய் என்று அரை மணி நேரம் முழங்கினார்.

தட்சிணாமூர்த்தி எழுந்தார். அவருக்கு மேடைத் தமிழ் தெரியாது. வீட்டுத் தமிழிலேயே வெளுத்து வாங்குவார்.

"நான் லண்டனெல்லாம் போனதில்லை. போகவும் வேண்டாம். ஒரு சின்ன கேள்வி. ரெண்டு வருஷம் முன்னாடிதான் மாலை மாத்திண்டு உள்ளே போனான். அதுக்குள்ளே பிடிக்கலைன்னா என்ன அர்த்தம்? கல்யாணமாகிப் போன பொண்ணு ரெண்டு வருஷத்துலே மூட்டையைத் தூக்கிண்டு பொறந்தாத்துக்கு வந்து நின்னா நாம என்ன கேப்போம்?"

"மாமியார் என்ன பண்ணினாள்னு கேப்போம்," என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். கூலர் சத்தத்தையும் மீறி ஹால் சிரித்தது.

கஸ்தூரிரங்கன் விடுவாரா? முறை தவறி எழுந்து, "மாமியாரை விடுங்கோ. இப்படிப் பேசற மாமனார் இருக்கற ஆத்துக்கு எந்தப் பொண்ணும் போகவே கூடாதுங்கறேன்!" என்றார்.

கைதட்டல் கிளம்பிப் பாதியில் நின்றது. நூற்றைம்பது கண்கள் ஒரே நேரத்தில் நடுவர்மேல் திரும்பின. யார் வீட்டுப் பெண் அந்த வீட்டுக்குப் போகப்போகிறாள் என்பது கிட்வாய் நகரில் காலைப் பால்காரன் வரைக்கும் தெரியும். கல்யாணராமன் எதிரில் இருந்த தண்ணீர்க் கிளாஸைக் கூர்ந்து பார்த்தார். மூன்றாவது வரிசையில் வசுமதி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாளா, அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்கு மேல் பட்டிமன்றம் என்று ஒன்று இருக்கவில்லை. ஆளாளுக்கு எழுந்தார்கள். "சர்க்கரை விலை ஏறினதுக்கு யார் காரணம்?" என்று ஒருவர் கூவினார். "கவர்ன்மெண்ட்தான்!" என்று பத்துக் குரல்கள் பதில் சொல்லின. "எந்த கவர்ன்மெண்ட்?" என்று யாரோ விஷமமாகக் கேட்டார்கள். "பிரிட்டிஷ் கவர்ன்மெண்ட்!" என்று பச்சைமுத்து சமாளித்தார். காதைப் பிளக்கிற கைதட்டல்.

"தீர்ப்பு! தீர்ப்பு!" என்று மேஜையைத் தட்டினார்கள். கல்யாணராமன் எழுந்தார். ஒரு பக்கம் கஸ்தூரிரங்கன் டையைச் சரிசெய்துகொண்டார். இன்னொரு பக்கம் தட்சிணாமூர்த்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"இரண்டு கட்சியும் அருமையாகப் பேசின," என்று ஆரம்பித்தார் கல்யாணராமன். அவருடைய எல்லாக் குறிப்புகளும் அப்படித்தான் ஆரம்பிக்கும். "வருகிற வியாழக்கிழமை பிரிட்டிஷ் ஜனங்களே இதற்குப் பதில் சொல்லப்போகிறார்கள். சம்பந்தப்பட்டவர்கள் சொல்வதற்கு முன்னால் நாம் முந்திக்கொள்வது மரியாதை அல்ல. ஆகையால் தீர்ப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்கப்படுகிறது."

கூட்டம் கூச்சல் போட்டது. கல்யாணராமன் தன் ஆயுளிலேயே இவ்வளவு சாமர்த்தியமான வாக்கியத்தைச் சொன்னதில்லை என்ற பெருமையோடு, பின்கதவு வழியாக வீட்டுக்குப் போனார்.

அந்தப் பெருமை திங்கட்கிழமை காலை டி.எம்.எஸ். என்கிற தில்லி அரசுப் பால் பூத் வரைக்கும்தான் தாங்கிற்று. அங்கே வெளியேறுவோர் ஒரு வரிசை, உள்ளே இருப்போர் ஒரு வரிசை என்று ஜனங்கள் பிரிந்து நின்றார்கள். பாட்டில் எடுத்துக் கொடுக்கிற ஜாட் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "க்யா ஹுவா, பாபுஜி?" என்று கல்யாணராமனைக் கேட்டான். இரண்டு வரிசையில் எதில் நிற்பது என்று தெரியாமல் அவர் பால் வாங்காமலேயே திரும்பினார்.

ஆபீசில் கஸ்தூரிரங்கன் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன கல்யாணராமன், உட்காருங்கோ." உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "தீர்ப்பைப் பத்தி நான் ஒண்ணும் பேசப்போறதில்லை. அது உங்க மனசாட்சி. ஆனா தைரியமா முடிவெடுக்கற சக்தி இருக்கான்னு ஒரு கட்டம் இருக்கு, பாத்திருக்கேளோ, சி.ஆர். ஃபார்ம்ல? அதுல என்ன எழுதறதுன்னு யோசிச்சிண்டிருக்கேன்."

"சரி சார்."

"லண்டன்ல நான் பாத்திருக்கேன். அங்கேயெல்லாம் ஒரு முடிவுன்னா முடிவுதான்."

"சரி சார்."

மறுநாள் மாலை தட்சிணாமூர்த்தி வந்தார். காபி வேண்டாம் என்றார். அது நல்ல அறிகுறி இல்லை என்று அனந்தலக்ஷ்மி கரண்டியை வைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

"ஒண்ணுமில்லை ஓய். குழந்தைகள் ஜாதகத்தை இன்னொருத்தர்கிட்டேயும் காட்டலாம்னு ஆத்துல சொல்றா. அவசரமில்லை. ஞாயித்துக்கிழமை ஆகட்டும்."

"ஞாயித்துக்கிழமைக்கும் ஜாதகத்துக்கும் என்ன?"

"ஒண்ணுமில்லைங்கறேனே," என்று சொல்லிவிட்டுத் தட்சிணாமூர்த்தி செருப்பை மாட்டிக்கொண்டார்.

வசுமதி ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டெனோ. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுதச் சொன்னால் 'ழ'வில் தடுக்கி விழுவாள். அப்பா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, சச்சி, நிஜமா சொல்லு. உனக்கு என்ன தோண்றது? அவா வெளில போகணுமா, வேண்டாமா?"

இந்தக் கேள்வியை யாரும் கல்யாணராமனைக் கேட்டதேயில்லை. கஸ்தூரிரங்கன் என்ன நினைப்பார் என்று தெரியும். தட்சிணாமூர்த்தி என்ன நினைப்பார் என்று தெரியும். தான் என்ன நினைக்கிறோம் என்று தேடிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. காலி அலமாரி மாதிரி இருந்தது.

"உன் கல்யாணம்டி, அதுல இருக்கு," என்றார்.

"என் கல்யாணத்தை இங்கிலாந்துக்காரா ஓட்டுப் போட்டா டிஸைட் பண்ணணும்? அச்சா! நன்னாருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை மாலையே டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை காலை பேப்பர் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள், உள்ளேயே இருப்போம் என்று சொல்லியிருந்தார்கள். வடகோடியில் இரண்டு தீவுக் கூட்டங்கள் மட்டும் வேண்டாம் என்றிருந்தன. முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான்: வசுமதி கல்யாணம் நடக்கும். இரண்டாவது வாய் காபி உள்ளே போகும்போது கஸ்தூரிரங்கன் ஞாபகம் வந்தது. ஆனால் இதில் தன் தப்பு என்ன இருக்கிறது? கோடிக்கணக்கான வெள்ளைக்காரர்கள் செய்த காரியத்துக்கு ஒரு அசிஸ்டெண்டின் சி.ஆரில் எப்படிக் கை வைப்பார்கள்?

எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. போன வாரத்தைவிடக் கூட்டம் அதிகம். கல்யாணராமன் பேப்பரைப் பிரித்துப் படித்துவிட்டு, "பிரிட்டிஷ் ஜனங்களின் முடிவே நமது அரங்கத்தின் முடிவு. உள்ளே இருக்க வேண்டும் என்ற கட்சி வென்றது," என்று சொல்லி உட்காரப் பார்த்தார்.

"என்னது?" கஸ்தூரிரங்கன் துள்ளி எழுந்தார். "சுதந்திரம் வந்து இருபத்தெட்டு வருஷமாச்சு. கிட்வாய் நகர் பட்டிமன்றத்துக்கு இன்னும் வெள்ளைக்காரன் தீர்ப்புச் சொல்லணுமா? இது அடிமைப் புத்தி!" டை காற்றில் பறந்தது. "அந்தத் தீவுக்காரா சொன்னதுக்கு மதிப்பில்லையா? விஷயம் தெரிஞ்சவா எப்பவும் கொஞ்சம் பேர்தான் இருப்பா!"

கல்யாணராமன் ஆதரவுக்காகத் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தார். ஜெயித்த மனிதர் முகம் கடுகடுவென்றிருந்தது.

"அவர் சொல்றது சரி," என்றார் தட்சிணாமூர்த்தி. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கஸ்தூரிரங்கனை ஆமோதித்தார். "நான் அன்னிக்குத் தொண்டை கிழியப் பேசினேன். நான் பேசினதாலே ஜெயிச்சேனா, அவன் ஓட்டுப் போட்டதாலே ஜெயிச்சேனா? என் பேச்சைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா? இப்படி ஜெயிக்கறதுக்கு நான் ஆத்துலயே இருந்திருப்பேனே ஓய்!"

"இவரை நடுவராப் போட்டது யாரு?" என்றார் கஸ்தூரிரங்கன்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்," என்றார் தட்சிணாமூர்த்தி.

இரண்டு பேரும் மேடைக்கு எதிரில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரே விரலால் சுட்டுவது மாதிரி கல்யாணராமனைச் சுட்டினார்கள். எல்லாப் பக்கத்துக்கும் நல்லவனாக இருக்க அவர் பட்ட பாட்டுக்கு, எல்லாப் பக்கமும் ஒன்றுசேர்ந்து எதிரில் நின்றது. அந்த நிமிஷத்தில் அவருக்குள் என்னவோ ஒன்று கழன்றது. பயம்தான் கழன்றதோ என்று பின்னால் நினைத்துக்கொள்வார். அப்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததும், கூலர் நின்றுபோயிருந்ததும்தான்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் உக்காருங்கோ," என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. மேடைத் தமிழ் எங்கேயோ போய்விட்டது. "என் அபிப்பிராயம்தானே வேணும்? சொல்றேன். ரெண்டு பேருமே சுமாராத்தான் பேசினேள். சார், நீங்க பேசினது உங்க லண்டனைப் பத்தி. தட்சிணாமூர்த்தி, நீங்க பேசினது சாரைப் பத்தி. பிரிட்டனைப் பத்தி ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசலை."

கல்யாணராமன் பேப்பரை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"அவா உள்ளே இருக்கணுமா, வெளியே போகணுமான்னு எனக்குத் தெரியாது. ஆனா பேப்பரை மூணு தரம் படிச்சேன். அங்கே ஒரே மந்திரிசபைல இருக்கறவா ஆளுக்கொரு மேடை போட்டு எதிரும் புதிருமாப் பேசியிருக்கா. ஜனங்களைக் கேட்டா. ஜனங்க சொன்னா. தோத்தவர் சரின்னு ஏத்துண்டார். அவ்வளவுதான். இங்கே நான், எங்கேயோ இருக்கற ஒரு தேசத்தைப் பத்தி, ஒரு பட்டிமன்றத்துல, ஒரு வார்த்தை சொல்ல முடியலை. இப்படிச் சொன்னா என் சி.ஆர். போயிடும். அப்படிச் சொன்னா என் பொண்ணு கல்யாணம் நின்னுடும். பிரிட்டனுக்கு என்ன கஷ்டம் வந்துடுத்து? ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் கிட்வாய் நகர்லதான்."

பச்சைமுத்து மட்டும் தனியாகக் கைதட்டினார். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை என்று தெரிந்தும் நிறுத்தாமல் தட்டினார்.

கஸ்தூரிரங்கனும் தட்சிணாமூர்த்தியும் ஒன்றாகவே வெளிநடப்புச் செய்தார்கள். நேரே கஸ்தூரிரங்கன் வீட்டுக்குப் போய், கல்யாணராமன் எவ்வளவு நன்றி கெட்டவர் என்பதைப் பற்றி இருவரும் மனம் விட்டுப் பேசி, லண்டன் புகைப்பட ஆல்பத்தைப் பார்த்தார்கள் என்று ஊரில் சொன்னார்கள். தட்சிணாமூர்த்தி ஆல்பத்தின் கடைசிப் பக்கம்வரை எழுந்து போகவில்லையாம்.

அந்த வாரமே கல்யாணராமன் உடைந்த தளவாடங்களை ஏலம் விடுகிற செக்ஷனுக்கு மாற்றப்பட்டார். கோல் மார்க்கெட்டிலிருந்து, இன்னொரு ஜோசியர் பெண் ஜாதகத்தில் ஏதோ தோஷத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகத் தகவல் வந்தது. அனந்தலக்ஷ்மி அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அன்னிக்குப் பேசினேளே, அதை இருபது வருஷம் முன்னாடி உங்கம்மாகிட்டே எனக்காகப் பேசியிருந்தேள்னா தேவலை," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, மாலையில், ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டுப் பாலசுப்ரமணியம் உள்ளே வந்தான். பெண் பார்க்க வந்தபோது வாயே திறக்காத பையன்.

"மாமா, எங்கப்பா வெளியேறிட்டார். நான் உள்ளேதான் இருக்கேன். வசுமதியும் அப்படித்தான் சொல்றா. நாங்க ரெண்டு பேரும் மெட்ராஸ் ஹோட்டல்ல காபி சாப்பிட்டுண்டே பேசி முடிவு பண்ணிட்டோம்."

"எப்போடா பேசினேள்?" என்றார் கல்யாணராமன்.

"அது ஆறு மாசமா பேசிண்டிருக்கோம், மாமா."

வசுமதி சமையலறையிலிருந்து, "அரே, அதை ஏன் சொல்றே?" என்றாள். அனந்தலக்ஷ்மி டிகாக்ஷன் இறக்கப் போனாள். ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்விடுவேன் என்று மகன் சொன்னதும், தட்சிணாமூர்த்தி பழைய ஜோசியரே மேல் என்ற முடிவுக்கு வந்தார். ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள்.

இதற்குள், பிரதம மந்திரியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் கோர்ட்டிலிருந்து ஒரு தீர்ப்பு வந்து ஊரையே உலுக்கியிருந்தது. கிட்வாய் நகரில் யாரும் அதைப் பற்றிப் பட்டிமன்றம் வேண்டும் என்று கேட்கவில்லை. பிறகு ஜூன் கடைசி வாரத்தில் ஒருநாள் காலை பேப்பர் வரவில்லை. கல்யாணராமன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். பக்கத்து வீட்டிலும் வரவில்லை. ரேடியோவைப் போட்டபோது நெருக்கடி நிலை என்றார்கள், யாரும் பதற வேண்டாம் என்றார்கள். பால் பூத்தில் ஒரே வரிசையாக நின்றார்கள். வெண்ணெய், இறையாண்மை, பார்லிமெண்டின் கௌரவம் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் கூவிய தொண்டைகளில் அன்று காலை ஒன்றுகூடத் திறக்கவில்லை. "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி," என்றார் ஒருவர். "ஆமாம், ஜாஸ்திதான்," என்றார் இன்னொருவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு. பிரஸ்ஸல்ஸ் விவகாரத்தில் நரம்பு புடைக்கப் பேசிய தலைகள், இரண்டு மைல் தள்ளி ராத்திரியோடு ராத்திரியாகத் தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனது காதில் விழாத மாதிரி பாட்டிலை வாங்கிக்கொண்டு நடந்தன.

ஆபீசில் எல்லோரும் மணி அடிப்பதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பச்சைமுத்து மத்தியானம் ஏல செக்ஷனுக்கு வந்து, "இனிமே கூட்டம் போடணும்னா போலீஸ்கிட்ட பர்மிஷன் வாங்கணுமுங்க. பஜனைன்னா பரவாயில்லையாம்," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலையில் கஸ்தூரிரங்கன் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டை இல்லை. கதர்ச் சட்டை, புதுசு, இன்னும் மடிப்புக் கலையவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"கல்யாணராமன், அன்னிக்கு ஸ்கூல் ஹால்ல ஒரு கூட்டம் நடந்ததே. நான் என்னத்தைப் பத்திப் பேசினேன், ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு சார்."

"மரம் நடறதைப் பத்தித்தானே பேசினேன்?"

கல்யாணராமன் அவர் முகத்தைப் பார்த்தார். கஸ்தூரிரங்கனின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. லண்டன் போய் வந்த மனிதர், இவரைப் பார்த்து, இப்படிச் சொல் என்று கண்ணால் கெஞ்சினார். கல்யாணராமனுக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. ஆனால் பொய் சொல்லவும் வரவில்லை.

"இல்லை சார். ஒரு தேசம் தன் காரியத்தைத் தானே முடிவு பண்ணிக்கணும்னு பேசினேள். பார்லிமெண்டை யாரும் அதட்டக்கூடாதுன்னு பேசினேள்."

"அது பிரிட்டனைப் பத்தி!"

"ஆமாம் சார். பிரிட்டனைப் பத்தித்தான். நான் சுமார்னு சொன்னேன். இப்போ யோசிச்சுப் பாத்தா நன்னாவே பேசினேள்."

கஸ்தூரிரங்கன் கதவைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். "போங்கோ," என்றார் மெல்ல. கல்யாணராமன் வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். ஏலத்துக்குக் காத்திருந்த கால் உடைந்த நாற்காலிகளைப் பற்றிய குறிப்பை எடுத்து, 'இவற்றை விற்பதைவிட ரிப்பேர் செய்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆவணியில், ராமகிருஷ்ணபுரம் மலைக் கோயில் பக்கத்தில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. கிட்வாய் நகர் முழுக்க வந்தது. கஸ்தூரிரங்கன் வந்து அட்சதை போட்டு, கல்யாணராமன் பார்வை படாத தூணோரமாக உட்கார்ந்தார். தட்சிணாமூர்த்தி சம்பந்தி மிடுக்கோடு பந்தி விசாரித்தார். பச்சைமுத்து மாத்திரம் பரிமாறிக்கொண்டே உரக்க, "அரங்கத்துல அடுத்த பட்டிமன்றம் என்ன தலைப்புங்க?" என்று கேட்டுத் தொலைத்தார்.

பந்தியில் அத்தனை தலைகளும் இலையை நோக்கிக் குனிந்தன. சாம்பார் அற்புதமாக இருக்கிறது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பாலக்காட்டுக்காரர்கள்கூட மறுக்கவில்லை.